வானத்தில் ஒரு கண், வாசலில் ஒரு டப்பா



மழையைப் பற்றி வட்டவடைக்காரர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பூண்டு நடுவது மழையைப் பார்த்து. உருளைக்கிழங்கு தோண்டுவது மழையைப் பார்த்து. காரட்டையும் முட்டைக்கோசையும் வண்டியில் ஏற்றுவதும் மழையைப் பார்த்துத்தான். மழை பெய்யாவிட்டால் பயிர் போகும். அளவு மீறிப் பெய்தால் மண் போகும். சில சமயம் உயிரும் போகும்.

இன்றைய பேச்சு அளவு மீறிப் பெய்யும் மழையைப் பற்றியது. மலையில் திடீரென்று வெள்ளம் வருகிறது. மண் சரிகிறது. இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா? வானத்தில் இருக்கும் செயற்கைக்கோள்கள் உதவுமா? உதவினால் எவ்வளவு தூரம் உதவும்? மீதி வேலையை யார் செய்ய வேண்டும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுவோம்.

பக்கத்தில் நடந்த இரண்டு இரவுகள்

வட்டவடை இருப்பது தேவிகுளம் தாலுகாவில். பெட்டிமுடியும் அதே தாலுகாதான்.

2020 ஆகஸ்ட் 6. வியாழக்கிழமை இரவு. மணி பத்தே முக்கால் இருக்கும். பெட்டிமுடி லயங்களில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் இருந்தன. பலர் தூங்கிவிட்டார்கள். மழை பல நாளாக நிற்கவில்லை. அன்று ஒரே நாளில் அந்தப் பகுதியில் 60 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மேலே இருந்து பாறையும் மண்ணும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து இறங்கின. நான்கு வரிசை வீடுகளை அடித்துக்கொண்டு போயின. 70 பேர் இறந்தார்கள். அவர்களில் 4 பேருடைய உடல் கிடைக்கவே இல்லை.

இன்னொரு கொடுமையும் நடந்தது. மின்சாரம் இல்லை. போன் வேலை செய்யவில்லை. அதனால் இரவு நடந்தது வெளியே யாருக்கும் தெரியவில்லை. விடிந்த பிறகு ராஜமலைக்கு ஆட்கள் வந்து சொன்ன பிறகுதான் உலகத்துக்குத் தெரிந்தது. பெரியவரையில் இருந்த தற்காலிகப் பாலத்தையும் வெள்ளம் கொண்டுபோயிருந்தது. ஆம்புலன்ஸ் வருவதும் தாமதமாயிற்று.

இப்போது இன்னொரு இரவைப் பார்ப்போம். 2022 ஆகஸ்ட் 5. வெள்ளிக்கிழமை நள்ளிரவு. இடம் குண்டளை எஸ்டேட் புதுக்கடி. மூணாறு போகும்போது நீங்கள் தாண்டிப் போகிற அதே இடம். அங்கேயும் மலை உடைந்து மண் வந்தது. ரோட்டை மூடியது. கோயிலும் கடைகளும் மண்ணுக்குள் போயின. வட்டவடைக்குப் போகும் பாதை அடைபட்டது. ஆனால் ஓர் உயிரும் போகவில்லை. லயங்களில் இருந்த குடும்பங்களைப் பாதுகாப்பான இடத்துக்கு அழைத்துப் போனார்கள்.

இதில் கொஞ்சம் நல்ல காலமும் உண்டு. மண் லயத்தின் மேல் விழவில்லை. ஆனால் வேறு ஒன்றும் உண்டு. இந்த முறை செய்தி போனது. உதவி வந்தது. மக்கள் வீட்டை விட்டு வெளியேறினார்கள்.

மழை இரண்டு இடத்திலும் பெய்தது. மலை இரண்டு இடத்திலும் உடைந்தது. செய்தி போனதா, ஆள் வெளியேறினாரா என்பது பெரிய விஷயம். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படிப்போம்.

தண்ணீரின் கணக்கு

மழையைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள். 20 சென்டிமீட்டர் மழை என்றால் என்ன? ஒரு சமதளத்தில் பெய்த மழை ஓடாமலும் மண்ணுக்குள் இறங்காமலும் அப்படியே நின்றால், 20 சென்டிமீட்டர் ஆழம் நிற்கும். நம் கையில் ஒரு சாண் அளவு. இவ்வளவுதானா என்று தோன்றும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்தில் 20 சென்டிமீட்டர் மழை பெய்தால் 8 லட்சம் லிட்டர் தண்ணீர். பத்தாயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி 80 வந்தால்தான் அதைச் சுமக்க முடியும். இது ஒரே ஒரு ஏக்கருக்கு! ஓர் ஓடைக்கு மேலே 100 ஏக்கர் சரிவு இருந்தால்? 8000 லாரித் தண்ணீர். அது எல்லாம் ஒரே ஓடையைத் தேடித்தான் வரும்.

சமவெளியில் ஆறு மெல்ல நிரம்பும். வெள்ளம் வர ஒரு நாள், இரண்டு நாள் ஆகும். மலையில் அப்படி இல்லை. சரிவு செங்குத்து. ஓடை சின்னது. மழை விழுந்த சில மணி நேரத்தில், சில இடத்தில் சில நிமிடத்தில், தண்ணீர் வந்துவிடும். இதைத்தான் திடீர் வெள்ளம் என்கிறார்கள். மண்ணும் ஊறிப் போயிருந்தால் சரிவும் சேர்ந்து வரும். இதைத்தான் மலையாளத்தில் உருள்பொட்டல் என்கிறார்கள்.

வானத்துக் கண் என்ன பார்க்கிறது?

செயற்கைக்கோள் என்பது ராக்கெட்டில் ஏற்றி வானத்துக்கு அனுப்பும் கருவி. அதில் கேமரா இருக்கும். வேறு பல கருவிகளும் இருக்கும்.

நம் நாட்டுக்கு மழையைப் பார்க்கவே தனிச் செயற்கைக்கோள்கள் உண்டு. இன்சாட்-3டிஆர் 2016-ஆம் ஆண்டு அனுப்பப்பட்டது. இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. இவை தரையிலிருந்து சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுற்றும் வேகத்துக்குச் சரியாக இவையும் சுற்றுகின்றன. அதனால் எப்போதும் நம் தலைக்கு மேல் ஒரே பக்கத்தில் நிற்பது போல இருக்கும். தோட்டத்துக்குக் காவலுக்குப் பரண் மேல் உட்கார்ந்திருக்கும் ஆளைப் போல!

இவை அரை மணிக்கு ஒரு முறை படம் எடுக்கின்றன. பகலிலும் எடுக்கும், இரவிலும் எடுக்கும். இருட்டில் எப்படி? அங்கேதான் ஒரு சூட்சுமம். இந்தக் கருவி மேகத்தின் சூட்டைப் பார்க்கிறது. உயரம் போகப் போகக் குளிர் கூடும். இது மலைக்காரர்களுக்குத் தெரிந்ததுதானே? மேகம் எவ்வளவு உயரமாக வளர்கிறதோ, அதன் தலை அவ்வளவு குளிர்ந்திருக்கும். தலை மிகவும் குளிர்ந்த மேகத்தின் கீழே பெரும்பாலும் பலத்த மழை பெய்யும். இதை வைத்து எங்கே எவ்வளவு மழை பெய்கிறது என்று கணக்கிடுகிறார்கள்.

கடலில் புயல் கிளம்பினால் இந்தக் கண் முதலில் பார்த்துவிடும். அரபிக்கடலிலிருந்து மேகக் கூட்டம் மேற்கு மலையை நோக்கி வந்தாலும் பார்த்துவிடும். இதையும் வேறு பல தகவல்களையும் சேர்த்துத்தான் இந்திய வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கை தருகிறது. ஒரு நாளில் ஆறரை சென்டிமீட்டர் முதல் பதினொன்றரை வரை பெய்யும் என்றால் மஞ்சள். அதற்கு மேல் சுமார் 20 வரை ஆரஞ்சு. 20-ஐத் தாண்டினால் சிவப்பு.

அந்தக் கண்ணுக்குத் தெரியாதது

அப்படியானால் கவலை இல்லை, எல்லாம் மேலே இருப்பவன் பார்த்துக்கொள்வான் என்று இருந்துவிடலாமா? முடியாது. இரண்டு குறைகள் உண்டு.

முதல் குறை. 36,000 கிலோமீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதால் சின்ன இடம் தெரியாது. மேகத்தின் சூட்டைப் பார்க்கும் கருவிக்கு, 4 கிலோமீட்டர் நீளமும் 4 கிலோமீட்டர் அகலமும் உள்ள இடம் ஒரே ஒரு புள்ளி. கோவிலூர் ஒரு புள்ளிக்குள் அடங்கிவிடும். வட்டவடைப் பஞ்சாயத்து முழுவதுமே சில புள்ளிகள்தான். உங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஓடை அதில் தெரியாது. ஒரு மலைக்கு இந்தப் பக்கம் மழை கொட்டும், அந்தப் பக்கம் வெயில் அடிக்கும். இது உங்களுக்குத் தெரியும். அந்தப் புள்ளிக்குத் தெரியாது.

இரண்டாவது குறை. தென்மேற்குப் பருவமழையில் கடல் காற்று மலையில் மோதி மேலே ஏறும். அப்போது உண்டாகும் மேகம் சில சமயம் அதிக உயரம் வளராது. தலை அதிகம் குளிராது. ஆனாலும் மழை கொட்டித் தீர்த்துவிடும். செயற்கைக்கோள் அந்த மேகத்தைப் பார்த்து, மழை குறைவாக இருக்கிறது என்று கணக்குப் போட்டுவிடும். மேற்கு மலைத் தொடரில் இந்தத் தவறு நேர்வது அறிவியல் அறிஞர்களுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே செயற்கைக்கோள் சொல்வது தேவை. அது மட்டும் போதாது.

மலையின் பழைய தழும்பு

மழையைப் பார்க்கும் கண் ஒரு வகை. தரையைப் பார்க்கும் கண் இன்னொரு வகை. தரையைப் பார்க்கும் செயற்கைக்கோள்கள் மிகவும் தாழ்வாக, சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அதனால் வீடு, ரோடு, மரம் எல்லாம் தெரியும். 1988 மார்ச் 17 அன்று நம் நாட்டின் ஐஆர்எஸ்-1ஏ என்ற செயற்கைக்கோள் போனது. அன்றிலிருந்து நம் நிலத்தின் படங்கள் சேர்ந்துகொண்டே வருகின்றன.

பழைய படத்தால் என்ன பயன்? வயநாட்டில் நடந்ததைப் பாருங்கள். 2024 ஜூலை 30 விடியற்காலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதியில் பெரும் மண்சரிவு வந்தது. ஏறக்குறைய 300 உயிர்கள் போயின. ஐதராபாத்தில் தேசியத் தொலையுணர்வு மையம் இருக்கிறது. அது இஸ்ரோவின் ஒரு பிரிவு. அந்த மையம் முந்தைய ஆண்டு எடுத்த படத்தையும், சரிவுக்கு மறுநாள் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. கடல் மட்டத்துக்கு 1550 மீட்டர் உயரத்தில் மலை உடைந்திருந்தது. உடைந்து வந்த நிலம் 86,000 சதுர மீட்டர். அதாவது 21 ஏக்கர். மண்ணும் பாறையும் ஆற்றோடு சுமார் 8 கிலோமீட்டர் ஓடியிருந்தன.

இன்னொன்றும் தெரிந்தது. அதே இடத்தில் முன்பே ஒரு சரிவு நடந்த தடம் பழைய படத்தில் இருந்தது! உடைந்த இடம் மீண்டும் உடையலாம். காயம் பட்ட இடத்தில் தழும்பு இருப்பது போல, மலையிலும் தழும்பு இருக்கும். செயற்கைக்கோள் அந்தத் தழும்பைக் காட்டும்.

நம் பக்கத்திலும் பழைய தழும்பு உண்டு. டாப் ஸ்டேஷன் என்று ஏன் பெயர் வந்தது? ஒரு காலத்தில் மூணாறிலிருந்து அங்கே வரை ரயில் ஓடியது. அதற்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் என்று பெயர். தேயிலைப் பெட்டிகளைச் சுமந்தது. 1924 ஜூலையில் பெருவெள்ளம் வந்தது. மலையாள ஆண்டு 1099. அதனால் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றும் சொல்கிறார்கள். அந்த வெள்ளத்திலும் சரிவிலும் ரயில் பாதை அழிந்தது. பிறகு அந்த ரயில் ஓடவே இல்லை. அன்று படம் எடுக்கச் செயற்கைக்கோள் இல்லை. ஆனால் தாத்தா பாட்டி சொன்ன கதை இருக்கிறது. அந்தக் கதையும் ஒரு பதிவுதான்.

மேகத்துக்குள் பார்க்கும் கண்

மழை நாளில் மேகம் மூடியிருக்கும். அப்போது சாதாரணக் கேமராவால் தரையைப் பார்க்க முடியாது. அதற்கு ரேடார் உள்ள செயற்கைக்கோள் வேண்டும்.

வௌவால் இருட்டில் எப்படிப் பறக்கிறது? சத்தம் எழுப்புகிறது. அந்தச் சத்தம் எதிலாவது பட்டுத் திரும்பி வருகிறது. அதை வைத்து வழியைத் தெரிந்துகொள்கிறது. ரேடாரும் அப்படித்தான். ஆனால் அது சத்தத்துக்குப் பதிலாக ரேடியோ அலையை அனுப்புகிறது. அந்த அலை மேகத்துக்குள் புகுந்து தரைக்குப் போய்த் திரும்பி வரும். தண்ணீர் நிற்கும் இடம் படத்தில் கறுப்பாகத் தெரியும். எந்த ஊரில் வெள்ளம் நிற்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

2022 பிப்ரவரியில் இஓஎஸ்-04 என்ற ரேடார் செயற்கைக்கோளை இஸ்ரோ அனுப்பியது. 2025 ஜூலை 30 அன்று நிசார் என்ற செயற்கைக்கோள் போனது. அது இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்தது. 12 நாளுக்கு ஒரு முறை அதே நிலத்தை மீண்டும் பார்க்கும். நிலம் சில சென்டிமீட்டர் நகர்ந்தாலும் கண்டுபிடிக்கும் திறன் அதற்கு உண்டு. மெல்ல மெல்ல நகரும் சரிவை இப்படி அடையாளம் காணலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 12 நாளுக்கு ஒரு முறை வருபவன் இரவுக் காவல்காரன் ஆக முடியாது. எந்த இடம் ஆபத்து என்று அவன் முன்கூட்டியே சொல்வான். இன்று இரவு ஆபத்தா என்று சொல்ல மாட்டான்.

கடல் தாண்டி ஒரு தீவில்

இனி இலங்கைக்குப் போய் வருவோம். அது தீவு. நடுவில் மலை. ஆறுகள் குட்டையானவை. மலையில் கொட்டும் மழை வேகமாக இறங்கிவிடும். உலகத்தில் வெப்ப நாடுகளில் உள்ள மலைத் தீவுகளுக்கெல்லாம் இதே பாடுதான். யோசித்துப் பார்த்தால், ரோடு அடைபட்ட நாளில் வட்டவடையும் ஒரு தீவுதான்.

இலங்கை மலைநாட்டில் தேயிலைத் தோட்டங்கள் உண்டு. லயங்களும் உண்டு. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். பதுளை மாவட்டத்தில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்த என்ற தோட்டம் இருக்கிறது. 2014 அக்டோபர் 29 காலையில் அங்கே மலை சரிந்து லயங்களை மூடியது. பல பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். அதனால் பிழைத்தார்கள். வீட்டில் இருந்த பெற்றோர் போய்விட்டார்கள்.

அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே தெரியாதா? தெரியும். அந்த நாட்டின் தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005-இலும் 2011-இலும் எச்சரித்திருந்தது. ஆனால் மக்கள் அங்கேயேதான் இருந்தார்கள். போக வேறு வீடு வேண்டுமே? இடம் வேண்டுமே? எச்சரிக்கைக் கடிதம் கூரை ஆகாது. மாற்று இடம் தருவது அரசின் பொறுப்பு. அதைக் கேட்டுப் பெறுவது மக்களின் உரிமை.

2025 நவம்பர் கடைசியில் டித்வா என்ற புயல் இலங்கையைத் தாக்கியது. வெள்ளத்திலும் மண்சரிவிலும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலைநாடு மிகவும் பாதிக்கப்பட்டது. புயலைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தன. பார்ப்பது வேறு, காப்பாற்றுவது வேறு என்பதை அந்த நாட்கள் காட்டின.

திடீர் வெள்ளத்தை முன்கூட்டிச் சொல்லவே இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், நேபாளம், பூடான் ஆகிய ஐந்து நாடுகளுக்கும் பொதுவானது. 2020 அக்டோபரில் தொடங்கியது. நம் வானிலைத் துறை அதை நடத்துகிறது. செயற்கைக்கோள் தரும் மழை அளவு, ரேடார், தரையில் உள்ள மழைமானி, மண்ணில் உள்ள ஈரம் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கிடுகிறார்கள். எந்தப் பகுதியில் திடீர் வெள்ளம் வரலாம் என்று 6 மணி நேரத்துக்கும் 24 மணி நேரத்துக்கும் முன்கூட்டியே சொல்கிறார்கள்.

இலங்கையில் இன்னொரு எளிய கணக்கும் வைத்திருக்கிறார்கள். மண்சரிவு வரக்கூடிய இடத்தில் 24 மணி நேரத்தில் ஏழரை சென்டிமீட்டர் மழை பெய்தால் கவனமாக இரு. 10 சென்டிமீட்டர் என்றால் கிளம்பத் தயாராக இரு. 15 சென்டிமீட்டர் என்றால் வெளியேறு. ஒரே மணி நேரத்தில் ஏழரை சென்டிமீட்டர் கொட்டினாலும் உடனே வெளியேறு. எழுதப் படிக்கத் தெரிந்த எவரும் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ளலாம். வீட்டில் மழையை அளக்கத் தெரிந்தால் போதும்.

வயநாட்டு விவசாயிகள் அளந்த மழை

தரையில் அளந்தால் பயன் உண்டா? மீண்டும் வயநாட்டைப் பார்ப்போம்.

கல்பற்றாவில் ஹியூம் மையம் என்ற அமைப்பு இருக்கிறது. அது மாவட்டத்தில் 200-க்கும் மேற்பட்ட இடங்களில் மழையை அளக்க ஏற்பாடு செய்திருக்கிறது. பல இடங்களில் அளந்து சொல்பவர்கள் அங்குள்ள விவசாயிகளும் தோட்டக்காரர்களும்தான். 2024 ஜூலை 29 அன்று காலையில் முண்டக்கைக்குப் பக்கத்தில் உள்ள கள்ளாடியில் அளவு 20 சென்டிமீட்டர் காட்டியது. ஆபத்து என்று அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்குச் சொன்னது. அடுத்த 24 மணி நேரத்தில் இன்னும் 37 சென்டிமீட்டர் பெய்தது.

அன்று மாவட்டத்துக்கு இருந்தது ஆரஞ்சு எச்சரிக்கை. மாவட்டம் முழுவதற்கும் அது ஒரே நிறம். ஆனால் அந்த ஒரு மலையில் பெய்தது சிவப்பு அளவைத் தாண்டிய மழை. மேலே இருந்து பார்த்த கண்ணுக்குத் தெரியாதது, தரையில் வைத்த மழைமானிக்குத் தெரிந்தது. சில குடும்பங்கள் முன்பே விலகிப் பிழைத்தன. எல்லோரும் விலகியிருந்தால்? அளந்தது சரி. கடைசி வீடு வரை செய்தி போய், எல்லோரும் கிளம்பியிருக்க வேண்டும். அந்த ஓரடி குறைந்துவிட்டது.

வாசலில் ஒரு டப்பா

மழையை அளப்பது கஷ்டமா? இல்லை. இப்படிச் செய்யுங்கள்.

அடியும் வாயும் ஒரே அகலம் உள்ள டப்பா ஒன்று எடுங்கள். நேராக நிற்கும் டப்பாவாக இருக்க வேண்டும். மேலே அகலமும் கீழே குறுகலும் இருந்தால் கணக்குத் தப்பும்.

அதைத் திறந்த வெளியில் வையுங்கள். மரத்துக்கு அடியில் வேண்டாம். கூரைத் தண்ணீர் சொட்டும் இடம் வேண்டாம். காற்றில் சாயாமல் இருக்கச் சுற்றிலும் கல் வையுங்கள்.

தினமும் காலை எட்டரை மணிக்கு ஸ்கேலை நேராக விட்டு ஆழத்தைப் பாருங்கள். வானிலைத் துறையும் எட்டரைக்குத்தான் பார்க்கிறது. பார்த்த அளவையும் தேதியையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு தண்ணீரைக் கொட்டிவிட்டுத் திரும்ப வையுங்கள்.

பலத்த மழை நாளில் எட்டரை வரை காத்திருக்க வேண்டாம். மணிக்கு ஒரு முறை பாருங்கள்.

"அளந்து எழுதி என்ன செய்வது?" என்று ஒரு பாட்டி கேட்கலாம். நல்ல கேள்வி. ஒரு வருடம் எழுதினால் உங்கள் ஊர் மழையின் வழக்கம் தெரியும். எந்த அளவு பெய்தபோது ஓடை கலங்கியது, எந்த அளவில் வரப்பு உடைந்தது, ரோட்டில் மண் விழுந்தது என்று தெரியும். அதுதான் உங்கள் ஊரின் ஆபத்துக் கோடு. இலங்கையின் 15 சென்டிமீட்டர் வட்டவடைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. மலைக்கு மலை கோடு மாறும். பல நாள் மழையில் ஊறிய மண்ணுக்குக் கோடு இன்னும் கீழே இறங்கிவிடும். மூணாறு அளவுக்கு வட்டவடையில் மழை பெய்வதில்லை. அதனால் அங்கே தாங்கும் அளவு இங்கே தாங்காமல் போகலாம்.

கோவிலூரில் ஒன்று, பழத்தோட்டத்தில் ஒன்று, சிலந்தியாறில் ஒன்று, குடிகளில் ஒவ்வொன்று என்று டப்பா வைத்தால் எப்படி இருக்கும்? நான்கு கிலோமீட்டர் புள்ளிக்குள் வானத்துக் கண்ணுக்குத் தெரியாததை, இந்த டப்பாக்கள் காட்டிவிடும். அந்த அளவைப் பஞ்சாயத்துக்குச் சொல்லலாம். பஞ்சாயத்து தாலுகாவுக்குச் சொல்லலாம்.

மலை சொல்லும் செய்தி

டப்பாவைப் போல மலையும் பேசும். இவற்றைப் பார்த்தால் உஷாராகுங்கள்.

ஓடைத் தண்ணீர் திடீரென்று சேறாக மாறுவது.

மழை கொட்டும்போதே ஓடையில் தண்ணீர் குறைவது. மேலே எங்கோ மண் விழுந்து அடைத்திருக்கும். அடைப்பு உடைந்தால் எல்லாம் சேர்ந்து வரும்.

நிலத்திலோ சுவரிலோ புது வெடிப்பு.

மரமும் மின் கம்பமும் சாய்வது. கதவு திடீரென்று மூட முடியாமல் இறுகுவது.

இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புவது.

மலைக்குள் உறுமல் சத்தம், பாறை உருளும் சத்தம்.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாட்டையும் மூட்டையையும் நினைத்து நிற்க வேண்டாம். ஓடைப் பாதையை விட்டுப் பக்கவாட்டில் விலகி மேட்டுக்குப் போங்கள். ஓடையோடு கீழே ஓடினால் சரிவு துரத்தி வரும். எந்த வீட்டுக்குப் போவது, எந்த வழியில் போவது என்பதை வெயில் நாளிலேயே பேசி முடிவு செய்யுங்கள். நடக்க முடியாத பெரியவரை யார் தூக்குவது என்பதையும் பேசிவையுங்கள்.

மாவட்டத்தின் அவசர எண் 1077. எந்த ஆபத்துக்கும் பொது எண் 112. இவற்றைச் சுவரில் எழுதிவையுங்கள். கேரள அரசு 2025 ஜனவரியில் கவசம் என்ற எச்சரிக்கை ஏற்பாட்டைத் தொடங்கியது. அதில் சைரன்கள் உண்டு. நல்ல காரியம். ஆனாலும் பெட்டிமுடியை மறக்க வேண்டாம். மின்சாரமும் போனும் முதலில் போய்விடும். அப்போது டார்ச்சும் விசிலும் மணியும்தான் பேசும். கோயில் மணியை எத்தனை முறை அடித்தால் ஆபத்து என்று ஊர் கூடி ஒரு கணக்கு வைத்துக்கொள்ளலாம்.

கற்றது இதற்குத்தான்

எழுத்தும் எண்ணும் கற்றுக்கொண்டோம். அதை வைத்து என்ன செய்வது? பஸ்ஸின் பெயரைப் படிக்கிறோம். கையெழுத்துப் போடுகிறோம். பூண்டு விற்ற சீட்டைச் சரி பார்க்கிறோம். இனி மழையையும் எழுதுவோம்.

36,000 கிலோமீட்டர் உயரத்தில் ஒரு கண் இருக்கிறது. அது மேகத்தைப் பார்க்கிறது. தாழ்வாகச் சுற்றும் இன்னொரு கண் மலையின் தழும்பைப் பார்க்கிறது. வாசலில் இருக்கும் டப்பா உங்கள் ஓடைக்கு வரப்போகும் தண்ணீரைப் பார்க்கிறது. மூன்றும் சேர்ந்தால் செய்தி ஆகும். அந்தச் செய்தியைப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டுபோக எந்தச் செயற்கைக்கோளும் இறங்கி வராது. மனிதர்தான் போக வேண்டும்.

அடுத்த பெருமழை இரவில் டப்பா நிறைந்தால், "யாரையாவது எழுப்பினால் திட்டுவார்களோ?" என்று யோசிக்காதீர்கள். போய்க் கதவைத் தட்டுங்கள். மழை வராமல் நின்றுவிட்டால் காலையில் சேர்ந்து சிரித்துக்கொண்டே கட்டன் காப்பி குடிக்கலாம்.